பத்து சென்ட் மாத்திரை

காய்ச்சலின் கதை: பகுதி 12

புருண்டியின் மலைநாட்டுக்கு மலேரியா அதிகம் பழக்கமில்லாத நோய். உயரம் ஏற ஏறக் குளிர் கூடும். குளிரில் கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணி வளர நாளாகும். அது வளர்ந்து முடிப்பதற்குள் கொசு செத்துவிடும். கீழே சமவெளியில் பிறந்த பிள்ளை, பிழைத்துக் கிடந்தால், ஐந்து வயதுக்குள் பலமுறை காய்ச்சலில் விழுந்தெழுந்து ஓரளவு தாங்கும் உடம்பைப் பெற்றுவிடும். மலைமேல் இருப்பவர்களுக்கு அந்தத் தாங்குசக்தியும் இல்லை. அதனால் 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கயான்சா, கருசி போன்ற மாகாணங்களில் காய்ச்சல் ஏறியபோது பெரியவர் சிறியவர் என்றில்லாமல் ஊர் ஊராகப் படுத்தது. நாட்டில் உள்நாட்டுப் போர் வேறு. 70 லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில், சில மாதங்களில் ஏறத்தாழ 30 லட்சம் மலேரியா நோயாளிகள் கணக்கில் ஏறினார்கள்.

சுகாதார நிலையங்களில் அவர்களுக்குக் கிடைத்தது குளோரோகுயின். பலருக்குக் காய்ச்சல் அந்த மருந்துக்குக் கேட்கவில்லை. அங்கே பணியாற்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர், ஆர்ட்டெசுனேட் சேர்ந்த கூட்டு மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார்கள். அரசு இணங்கவில்லை. புருண்டியின் சிகிச்சைக் கொள்கையில் அந்த மருந்து ஏறியது 2003 நவம்பரில்தான். கொள்ளைநோய் அடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

அவர்கள் கேட்டது ஆய்வுக்கூடத்தில் இருந்த புது மருந்தல்ல. சீனாவில் அதன் மூலமருந்தைக் கண்டுபிடித்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. வியட்நாமில் ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களில் 10 ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. தெரிந்த மருந்து, தெரிந்த நோய், நடுவே இத்தனை ஆண்டுகள் ஏன் என்ற கேள்விதான் இந்தப் பகுதி.

குளோரோகுயின் எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1934இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் அதைத் தயாரித்தார். நச்சுத்தன்மை அதிகம் என்று ஒதுக்கிவைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கொயினா மரத்தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போனபின், அமெரிக்கர்கள் அதை மறுபடி எடுத்துச் சோதித்து, பயந்த அளவுக்கு ஆபத்தில்லை என்று கண்டார்கள். அதன் பிறகு உலகமே அந்த மாத்திரைக்குள் வந்தது. மூன்று நாள் சிகிச்சை. பெரியவருக்குச் சுமார் 10 சென்ட் செலவு. ஆப்பிரிக்காவின் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைத்தது. நாக்கில் பட்டால் குமட்டும் அந்தக் கசப்பை நம் ஊரில் மலேரியா கண்டவர்களும் அறிவார்கள். வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இந்தியாவில் இன்றும் அதுதான் முதல் மருந்து. உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் வகைதான் அதற்கு அடங்காமல் போனது.

அது அடங்கியிருந்த காலத்தில் வேலை நடந்த விதம் அழகானது. ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்று மிஞ்சும் ஹீம் என்ற இரும்புப்பொருள் அதற்கே நஞ்சு. ஆகவே அதை உறைந்த படிகமாக்கி ஓரமாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். குளோரோகுயின் ஒட்டுண்ணியின் செரிமானப் பைக்குள் புகுந்து, அந்தப் படிகமாக்கும் வேலையைத் தடுத்துவிடும்; தன் கழிவிலேயே அது மடியும். மரபணு மாறிய ஒட்டுண்ணியோ, பையின் சுவரிலுள்ள ஒரு புரதத்தின் வழியாக மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒட்டுண்ணி 1950களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும், ஏறத்தாழ அதே காலத்தில் கொலம்பியாவிலும் தலைகாட்டியது. 1978இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. அங்கே புதிதாக முளைத்ததல்ல, தென்கிழக்காசியாவிலிருந்து போன வகை என்று பின்னாளில் மரபணு ஆய்வுகள் காட்டின. 1980களின் முடிவுக்குள் அது கண்டத்தைக் கடந்து மேற்குக் கரையைத் தொட்டுவிட்டது.

இவ்வளவு நடந்தும் மருந்தை மாற்ற ஏன் யாருக்கும் அவசரமில்லை? பணம் ஒரு காரணம், அதற்கு வருகிறேன். இன்னொரு காரணம் அந்த மருந்தின் குணத்திலேயே ஒளிந்திருந்தது. ஒட்டுண்ணியைக் கொல்லத் தவறினாலும் குளோரோகுயின் காய்ச்சலைத் தணிக்கும். கொதிக்கும் பிள்ளைக்குத் தாய் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, மூக்கைப் பிடித்துப் புகட்டுகிறாள். அடுத்த நாள் உடம்பு குளிர்கிறது. பிள்ளை எழுந்து கஞ்சி கேட்கிறது. மருந்து பலித்துவிட்டது என்று அவள் நினைப்பதில் என்ன தவறு? ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்துகொண்டே இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் மறுபடி காய்ச்சல். மறுபடி அதே மாத்திரை. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பணுக்கள் அழிகின்றன. கடைசியில் கண்ணிமையின் உட்புறமும் உள்ளங்கையும் வெளுத்து, மூச்சு வாங்க, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் பிள்ளை மருத்துவமனைக்கு வருகிறது. அங்கே சாவின் காரணம் ரத்தசோகை என்று எழுதப்படும். தோற்ற மாத்திரையின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது.

ஏட்டில் ஏற்றியவர்களில் ஒருவர் ஜான்-பிரான்சுவா த்ராப். செனகலில் மூன்று பகுதிகளில் ஊராரின் பிறப்பையும் இறப்பையும் ஆண்டுக்கணக்காகப் பதிந்துவந்த ஆய்வுக்குழு அவருடையது. குளோரோகுயினுக்கு எதிர்ப்பு பரவியபின் குழந்தைகளின் மலேரியா இறப்பு எங்கும் இரு மடங்குக்குக் குறையாமல் கூடியதையும், ஒரு பகுதியில் 5 மடங்கைத் தாண்டியதையும் 1998இல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த எண்கள் வெளிவந்த பிறகும் பெரும்பாலான நாடுகள் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தன. 100 பேரில் 25 பேருக்கு மருந்து பலிக்காமல் போகும்போதுதான் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது அப்போதிருந்த வழிகாட்டுதல். நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குப் பலிக்காத மருந்தை, தன் பிள்ளைக்கு எந்த மருத்துவர் கொடுப்பார்? அந்த வரம்பு 10 ஆகக் குறைய 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்றிய நாடுகளும் பெரும்பாலும் இன்னொரு மலிவான மருந்துக்குத்தான் மாறின. சல்ஃபடாக்சினும் பைரிமெத்தமினும் சேர்ந்த, எஸ்பி என்று சுருக்கி அழைக்கப்பட்ட மாத்திரை அது. ஒரே வேளையில் விழுங்கிவிடலாம். 1993இல் மலாவி மாறியது, பிறகு கென்யா. சில ஆண்டுகளிலேயே எஸ்பியும் தேயத் தொடங்கியது.

இதற்கிடையே சீனாவில் நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். வியட்நாம் போரில் குண்டுக்கு இணையாக மலேரியாவும் வடவியட்நாம் வீரர்களைச் சாய்த்தது. ஹோ சி மின் சீனாவிடம் உதவி கேட்டார். 1967 மே 23 அன்று கூடிய கூட்டத்தின் நாளையே பெயராகக் கொண்டு ‘523 திட்டம்’ என்ற ரகசிய முயற்சி தொடங்கியது. 1969இல் அதில் சேர்ந்த தூ யூயூ, பழைய மருத்துவச் சுவடிகளைத் துழாவி, சிங்ஹாவ் என்ற செடிக்கு வந்து சேர்ந்தார். நம் ஊர் மரிக்கொழுந்தும் அதுவும் ஒரே பேரினம். சாற்றைச் சோதித்தால் ஒருமுறை பலித்தது, மறுமுறை ஏமாற்றியது. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய கைந்நூலை மறுபடி படித்தபோது ஒன்று பிடிபட்டது: செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறாரே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ? தண்ணீரை விட்டுவிட்டு, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி, எலிகளில் ஒட்டுண்ணியை அறவே ஒழித்தது. மறு ஆண்டு அவரும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் தாங்களே அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, ஹைனான் தீவின் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2015இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது இந்தக் கதை எல்லா மொழிகளிலும் வெளியானது.

அதிகம் பேசப்படாதது அதற்கடுத்த பகுதி. சிங்ஹாவ் செடியில் கிடைத்த மருந்துக்கு ஆர்ட்டெமிசினின் என்று பெயர்; ஆர்ட்டெசுனேட்டும் ஆர்ட்டெமீதரும் அதன் வழிவந்தவை. இந்தக் குடும்ப மருந்துகளின் வேகம் வேறெந்த மலேரியா மருந்துக்கும் இல்லை. 48 மணி நேரத்தில் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளை 10,000இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆனால் சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டு அகன்றுவிடும். தனியாகக் கொடுத்தால் ஏழு நாள் விடாமல் விழுங்க வேண்டும். மூன்றாம் நாளே உடம்பு தெளிந்துவிட்டவரை ஏழு நாள் விழுங்கவைப்பது எப்படி? மிஞ்சுகிற ஒட்டுண்ணி மறுபடி பெருகும். மருந்துக்குப் பழகவும் வழி உண்டாகும். ஆகவே, நீண்ட நாள் உடம்பில் தங்கும் இன்னொரு மருந்தைத் துணையாகச் சேர்க்க வேண்டும். வேகமானது பெருங்கூட்டத்தை அழிக்க, மெதுவானது எஞ்சியதைத் துடைக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் எதிர்க்கும் ஒட்டுண்ணி பிறப்பது அரிது.

இதை மனிதர்களிடம் நிரூபித்த இடம், தாய்லாந்து-பர்மா எல்லையின் கேரன் அகதி முகாம்கள். உலகிலேயே மிகப் பிடிவாதமான ஃபால்சிபாரம் அங்கேதான் இருந்தது, மெஃப்ளோகுயின் என்ற மருந்துகூடத் தோற்றுக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் பிரான்சுவா நோஸ்டனும், பாங்காக்கிலிருந்த நிக் வைட்டும் 1994 முதல் அதே மெஃப்ளோகுயினோடு ஆர்ட்டெசுனேட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். குணமாகும் விகிதம் 95 சதவீதத்துக்கு மேல் ஏறி அங்கேயே நின்றது. முகாம்களில் காய்ச்சலே குறைந்தது. வியட்நாமில் 1991இல் மட்டும் மலேரியாவில் இறந்தவர்கள் 4,646 பேர். ஆர்ட்டெமிசினின் மருந்துகளும் கொசுவலையும் மருந்தடிப்பும் சேர்ந்து 1992க்கும் 1997க்கும் இடையே இறப்பை 97 சதவீதம் குறைத்தன. இதெல்லாம் ரகசியமல்ல, மருத்துவ ஏடுகளில் வெளிவந்த செய்திகள்.

ஆப்பிரிக்காவுக்குள்ளும் சான்று கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எஸ்பி தோற்றுக்கொண்டிருந்த வேளையில், டிடிடியை நிறுத்திவிட்டு வேறு மருந்தடித்ததால் ஒரு கொசுவினம் திரும்பி வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 40,000க்கு மேற்பட்டோருக்கு மலேரியா. மறுபடி டிடிடி அடித்தார்கள். 2001 ஜனவரியில் ஆர்ட்டெமீதரும் லூமிஃபான்ட்ரினும் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு மாறினார்கள். ஓராண்டுக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். அவர்களால் உடனே மாற முடிந்ததற்குக் காரணம் எளிது: செலவு அவர்களுடைய சொந்தக் கஜானாவிலிருந்து போனது, வெளியார் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அதே ஆண்டில் அதே காய்ச்சலில் கிடந்த புருண்டிக்கு அந்த வசதி இல்லை.

அந்தக் கூட்டு மாத்திரையின் பெயர் கோஆர்ட்டெம். லூமிஃபான்ட்ரினும் சீன ராணுவ மருத்துவ விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பு. உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். 2001இல் உலக சுகாதார நிறுவனத்தோடு அது ஓர் ஒப்பந்தம் செய்து, பொதுச் சுகாதாரத் துறைகளுக்கு லாபமில்லாமல் கொடுக்க முன்வந்தது. அப்படியும் பெரியவருக்கான 24 மாத்திரைகள் 2.40 டாலர். பக்கத்தில் குளோரோகுயின் 10 சென்ட். ஆண்டு முழுதும் தலைக்குச் சில டாலர் மட்டுமே சுகாதாரத்துக்குச் செலவழிக்க முடிந்த அரசுகள் எதைத் தேர்ந்தெடுக்கும்? உதவி வழங்கும் பணக்கார நாடுகளின் அதிகாரிகளோ, கூட்டு மருந்து ஆப்பிரிக்காவுக்குச் சிக்கலானது, செலவு தாங்காது, இன்னும் காலம் கனியவில்லை என்று தயங்கினார்கள். அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. பலிக்காத மாத்திரையை மூன்று முறை வாங்கிய செலவும், ரத்தம் ஏற்றிய செலவும், இறந்த பிள்ளையும் அதில் வரவே இல்லை. மலிவு என்று எழுதப்பட்டது மாத்திரையின் விலையைத்தான். ஒரு பிள்ளையைப் பிழைக்கவைக்க என்ன ஆகும் என்று எழுதியிருந்தால், 10 சென்ட் மருந்துதான் அதிக விலை என்று தெரிந்திருக்கும்.

2001இலேயே உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்துவிட்டது. பரிந்துரை ஒன்று, பணம் இன்னொன்று. புதிதாகத் தொடங்கியிருந்த சர்வதேச நிதி அமைப்பான குளோபல் ஃபண்ட், நாடுகள் கேட்டபடி குளோரோகுயினும் எஸ்பியும் வாங்கப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2004 ஜனவரியில் லான்செட் இதழில் அமீர் அத்தாரனும் 12 பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். செனகல் எண்களைத் தந்த த்ராப்பும் அந்தப் பதின்மூவரில் ஒருவர். எந்த நாட்டில் எந்த மருந்து எவ்வளவு தோற்றிருக்கிறது, அதே மருந்துக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது என்று அடுக்கிக் காட்டி, இது மருத்துவ முறைகேடு என்றே சொன்னார்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவை ஏழைகளுக்கு உதவவே அமைந்த நிறுவனங்கள். சாட்டியவர்களோ அவற்றோடு சேர்ந்து உழைக்க வேண்டியவர்கள். அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்த மருந்து என்பதை நாடுகள்தான் தீர்மானிக்கின்றன என்று பதில் வந்தது. ஆனாலும் அந்த ஆண்டிலேயே குளோபல் ஃபண்ட், பழைய மருந்துக்கு ஒதுக்கிய பணத்தைக் கூட்டு மருந்துக்கு மாற்றிக்கொள்ளும்படி நாடுகளைக் கேட்டது.

பணம் வந்தது, மருந்து இல்லை. அந்த மருந்து செடியிலிருந்து வர வேண்டும். விதைத்து, அறுத்து, உலர்த்தி, இலையிலிருந்து சாறெடுத்து, வேதிமாற்றம் செய்து, மாத்திரையாக்கி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆகும். காய்ந்த இலையில் மருந்துப்பொருள் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. ஒரே ஆண்டில் பல நாடுகள் ஒன்றாகக் கேட்டதும் 2004 இறுதியில் கோஆர்ட்டெமுக்குத் தட்டுப்பாடு. கிலோ சில நூறு டாலராக இருந்த ஆர்ட்டெமிசினின் 1,000 டாலரைத் தாண்டியது. விலையைப் பார்த்து சீனா, வியட்நாம் விவசாயிகளோடு கென்யா, தான்சானியா, உகாண்டா விவசாயிகளும் செடியைப் போட்டார்கள். விளைச்சல் குவிந்து 2007இல் விலை 200 டாலருக்கும் கீழே சரிந்தது. போட்ட பணம்கூடத் தேறாமல் பலர் அந்தச் செடியையே விட்டார்கள். சில ஆண்டுகளில் மறுபடி தட்டுப்பாடு, மறுபடி விலையேற்றம். எந்த ஆண்டு எவ்வளவு வாங்கப் போகிறோம் என்பதை நன்கொடையாளர்கள் முன்கூட்டிச் சொல்லாததன் சுமையை, ஓர் ஏக்கர் வைத்திருந்தவர்களும் சுமந்தார்கள்.

கோஆர்ட்டெம் மாத்திரை அட்டையையும் சற்றுக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது எடைக்கேற்ப நான்கு அட்டைகள். மிகச் சிறியது 5 முதல் 15 கிலோ வரையுள்ள பிள்ளைக்கு. மூன்று நாளுக்கு ஆறே மாத்திரை. எழுத்துத் தெரியாத தாயும் புரிந்துகொள்ளும்படி, எந்த நாள் எந்த வேளை என்பது படமாகவே அச்சிடப்பட்டிருக்கும். முதல் வேளைக்குப் பிறகு எட்டு மணி நேரத்தில் இரண்டாவது; பிறகு காலையும் மாலையும். கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ கொடுத்தால்தான் லூமிஃபான்ட்ரின் ரத்தத்தில் சரியாகச் சேரும். வாந்தியெடுக்கும் பிள்ளைக்குக் கசக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டியிருந்த காலம், கரையும் மாத்திரை வந்த 2009 வரை நீடித்தது. இதற்கிடையே 2007இல் இன்னொரு கூட்டு மாத்திரை வந்தது. டிஎன்டிஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பும் சனோஃபி மருந்து நிறுவனமும் சேர்ந்து, ஆர்ட்டெசுனேட்டையும் அமோடியாகுயினையும் ஒன்றாக்கின. காப்புரிமை எடுக்கவில்லை, பெரியவருக்கு ஒரு டாலருக்குள், பிள்ளைக்கு அதில் பாதிக்குள். அதன் பிறகு அஜந்தா, சிப்லா, இப்கா என்று இந்திய நிறுவனங்களின் மாத்திரைகளும் உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்றோடு வந்து சேர, விலை இறங்கியது.

ஆனால் ஆப்பிரிக்கத் தாய் பெரும்பாலும் முதலில் போவது அரசு மருத்துவமனைக்கு அல்ல, தெருமுனைக் கடைக்கு. மருத்துவமனை தொலைவு, அங்கேயும் மருந்து தீர்ந்திருக்கலாம். கடையில் கூட்டு மருந்தின் விலை பழைய மாத்திரையைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு. இதை முதலில் கணக்காகப் போட்டுக் காட்டியவர் பொருளாதார நோபல் பெற்ற கென்னத் ஆரோ. அவர் தலைமையிலான குழு 2004இல் சொன்னது: விலையைக் கடையில் குறைக்க முயலாதீர்கள், மருந்து புறப்படும் இடத்திலேயே உலக நாடுகள் சேர்ந்து பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள், குளோரோகுயின் போன வழியிலேயே நல்ல மருந்தும் கடைக்குப் போகட்டும். ஆறு ஆண்டுகள் கழித்து, 2010இல், கானா, கென்யா, நைஜீரியா உள்ளிட்ட சில நாடுகளில் அது சோதனையாக நடந்தது. மானியம் பெற்ற அட்டைகளில் பச்சை இலைச் சின்னம் இருந்தது. பல நாடுகளில் கடை விலை இறங்கியது, நல்ல மருந்தின் பங்கு ஏறியது. பரிசோதனை செய்யாமலே காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் மருந்து போகிறதே என்ற எதிர்ப்பும் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. 2012க்குப் பிறகு அந்தத் திட்டம் தனித்திட்டமாகத் தொடரவில்லை. என் கருத்தில், விரல் குத்திப் பார்க்கும் பரிசோதனை அட்டையையும் அதே வழியில் கடைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். மானியத்தை நிறுத்தியிருக்கக் கூடாது.

மலாவியில் ஓர் ஆச்சரியம் நடந்தது. 1993இல் குளோரோகுயினைக் கைவிட்ட அந்த நாட்டில், மருந்து புழங்காத ஆண்டுகளில் எதிர்ப்பு ஒட்டுண்ணிகள் மங்கிப்போய்ப் பழைய வகையே திரும்பியது. 2005இல் நோயுற்ற குழந்தைகளுக்கு ஆய்வாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லோருக்கும் அது பலித்தது. சுற்றியிருந்த நாடுகள் அப்போதும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததால், மலாவியால் அதை மறுபடி கையிலெடுக்க முடியவில்லை.

கிழக்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. விலையுயர்ந்த மருந்துக்குப் போலிகள் வந்துவிட்டன. 2000ஐ ஒட்டித் தென்கிழக்காசியக் கடைகளில் வாங்கிச் சோதித்த ஆர்ட்டெசுனேட் அட்டைகளில் 38 சதவீதத்தில் ஆர்ட்டெசுனேட்டே இல்லை. உண்மையான அட்டையின் ஹாலோகிராம் வில்லையைக்கூட நகலெடுத்திருந்தார்கள். துணை மருந்து சேர்க்காத தனி ஆர்ட்டெசுனேட்டும் தாராளமாக விற்றது. 2006 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியாப் பிரிவுத் தலைவர் அராட்டா கோச்சி, தனி மருந்தை விற்பதை உடனே நிறுத்தும்படி அதை விற்றுவந்த நிறுவனங்களைப் பகிரங்கமாகக் கேட்டார். கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். ஆனால் கம்போடியாவின் மேற்கெல்லையில், குளோரோகுயின் எதிர்ப்பு முதலில் தோன்றிய அதே வட்டாரத்தில், மாணிக்கக் கல் தோண்டும் பைலின் நகரைச் சுற்றி அந்தத் தனி மருந்து அதற்குள் பல்லாண்டுகள் புழங்கியிருந்தது. 2008இல் அங்கிருந்து வந்த ரத்தப் பூச்சுகளில், மூன்றாம் நாள் காணாமல்போயிருக்க வேண்டிய ஒட்டுண்ணிகள் மருத்துவர்களின் கண்ணில் பட்டன. பைலின் அடுத்த பகுதியில்.

(தொடரும்)